கரண்ட் திரும்பும்போது கை எங்கே இருக்கிறது?

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பெயரைச் சொல்லி மானத்தை வாங்க மாட்டேன். கேட்டுவிட்டுச் செய்கிற பிள்ளை. நம் தொழிலில் அது அபூர்வம்.

"அக்கா, எங்க ஃபேக்டரில மரம் செதுக்குற ரவுட்டர கம்ப்யூட்டரே ஆன் பண்ணி ஆஃப் பண்ற மாதிரி ஒரு பெட்டி மாட்டப் போறேன். சின்ன வேலதான் லா. ஏதாச்சும் பாத்துக்கணுமா?"

சின்ன வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். பெட்டிக்கு வேண்டிய சாமான் எந்த எலெக்ட்ரிக் கடையிலும் கிடைக்கும். மாட்டி முடித்துவிட்டு ரொட்டி சானாய் சாப்பிடப் போய்விடலாம். ஆனால் போனில் சொன்னால் பாதி காதில் ஏறும், மீதி பைக் சத்தத்தில் போய்விடும். அதனால் எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன். வயரை எங்கே கோர்ப்பது என்று இதில் இருக்காது. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பத்து பாகாட் என்ற ஊரின் ஓரத்தில் இருந்த ஒரு அலமாரி ஃபேக்டரியில் ஓய்வு பெறும் வரை சார்ஜ்மேனாக இருந்தவள். ஃபேக்டரியின் மின்சாரம் முழுவதற்கும் பொறுப்பான ஆளுக்கு இங்கே அதுதான் பெயர். வேலையில் சேர்ந்த அன்று எங்கள் தவுக்கே என்னைப் பார்த்து "குட் மார்னிங்" சொல்லிவிட்டு, சார்ஜ்மேன் எங்கே என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். தவுக்கே என்றால் முதலாளி. அவர் சீனர்தான், ஆனால் எஸ்டேட் பக்கம் கடை வைத்திருந்த குடும்பம் என்பதால் தமிழ் சரளமாக வரும். கோபம் வந்தால் இன்னும் சரளமாக வரும்.

அந்த ஃபேக்டரியில் ஒரு வழக்கம் இருந்தது. மழைக்காலத்தில் கரண்ட் அடிக்கடி போகும். போன உடனே நான் மெயின் சுவிட்சைக் கீழே இறக்கிவிடுவேன். கரண்ட் திரும்பி வந்துவிட்டது என்று சுவிட்ச் பலகையில் விளக்கு எரிந்தாலும் சும்மா தூக்கிவிட மாட்டேன். முதலில் ஒவ்வொரு மிஷினின் பெயரையும் உரக்கக் கூப்பிடுவேன். அந்த மிஷின்காரர் "கோசோங்!" என்று குரல் கொடுக்க வேண்டும். கோசோங் என்றால் மலாயில் காலி, ஒன்றுமில்லை என்று பொருள். என் மிஷினில் யார் கையும் இல்லை, நீ கரண்ட் விடலாம் என்று அர்த்தம். எல்லோரும் சொன்ன பிறகுதான் கைப்பிடியைத் தூக்குவேன். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த மலாய்க்காரர் ஏற்படுத்திய வழக்கம் இது. ஏன் என்று அவரிடம் கேட்டதற்கு, "கேட்காமல் கரண்ட் விட்ட இடத்தில் இருந்து வந்தவன் நான்" என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இந்த வழக்கத்தை வெளியூர்க்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது போல இருக்கும். எங்களுக்கு அது பழகிவிட்டது.

இனி லோகன். ரவுட்டர் மிஷினில் வேலை பார்த்தவன். முப்பது வயதுக்கு மேல், இரண்டு பெண் பிள்ளைகள். எங்கள் ஊர் உறுமி மேளக் குழுவில் அவன்தான் பெரிய கை. தைப்பூசம் வந்தால் ஆள் வேலைக்கு வரமாட்டான், வந்தாலும் மனம் இங்கே இருக்காது. எனக்குச் சர்ச், அவனுக்குக் கோயில். ஆனால் அவன் வாசித்துக் கேட்டால் எனக்கும் கால் சும்மா நிற்காது என்பதை அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான். அவனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கை சும்மா இருந்தால் போதும், எதிரில் இருக்கிற பலகையில் தட்ட ஆரம்பித்துவிடுவான். கரண்ட் போய் எல்லா மிஷினும் அடங்கிக் கிடக்கும் நேரத்தில், அந்தப் பெரிய கூடம் முழுக்க அவன் தட்டும் சத்தம்தான் கேட்கும்.

"டேய், இது ஃபேக்டரியா கோயிலாடா? கொஞ்ச நேரம் கைய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?" என்று நான் கத்துவேன்.

"கை கேக்க மாட்டேங்குது அக்கா," என்பான். நிறுத்துவான். மறுபடியும் ஆரம்பிப்பான்.

ரவுட்டர் என்பது மரத்தில் பள்ளமும் பூவேலையும் செதுக்குகிற கை மிஷின். பயங்கர வேகத்தில் சுற்றும். எங்கள் தவுக்கே விலை மலிவாக ஒரு சட்டம் வாங்கி வந்திருந்தார். அந்தச் சட்டத்தில் ரவுட்டரை மாட்டிவிட்டால், கம்ப்யூட்டர் அதை இப்படியும் அப்படியும் நகர்த்தி அலமாரிக் கதவில் கோலம் போட்டுத் தரும். ஆனால் ரவுட்டரை ஓட விடுவதும் நிறுத்துவதும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதற்கு ஓர் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த ஆள்தான் லோகன்.

தவுக்கேக்கு அது பொறுக்கவில்லை. "மூள உள்ளது கம்ப்யூட்டர்கிட்ட, சம்பளம் வாங்குறது லோகனா?" என்றார். உலு திராமிலிருந்து டேவிட் என்ற தம்பியை வரவழைத்தார். டேவிட் சிங்கப்பூரில் மிஷின் வேலை பழகிவிட்டு வந்து, சொந்தமாகத் தொழில் செய்துகொண்டிருந்தவர். கை சுத்தமான வேலைக்காரர். கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் ஒரு பெட்டியை வைத்தார். கம்ப்யூட்டர் சொன்னால் பெட்டி கரண்டை விடும், வேண்டாம் என்றால் நிறுத்தும். அவ்வளவுதான்.

ஆனால் இதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ரவுட்டருக்கு என்று சொந்தமாக ஒரு சுவிட்ச் உண்டு. அது அணைந்திருந்தால் பெட்டி எவ்வளவு கரண்ட் விட்டாலும் ரவுட்டர் ஓடாது. அதனால் அந்தச் சுவிட்சை ஆன் பக்கம் தள்ளி, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றி ஒட்டிவிட்டார்கள். இனி அதை யாரும் தொட வேண்டியதில்லை. உலகம் முழுக்க எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் செய்யப் போகிறீர்கள். செய்யும்போது ஒரு நிமிடம் யோசியுங்கள்: அதற்குப் பிறகு அந்த ரவுட்டர் அணைந்திருப்பதே இல்லை. காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

டேவிட் பலமுறை ஓட்டிக் காட்டினார். கதவை வைத்ததும் கம்ப்யூட்டர் வேலையை ஆரம்பித்தது, ரவுட்டர் தானாகச் சுற்றியது, செதுக்கியது, தானாக நின்றது. தூசி உறிஞ்சும் மிஷினும் கூடவே ஓடி, கூடவே நின்றது. தவுக்கே குழந்தை மாதிரி கை தட்டினார். மறுநாளே லோகனை ரவுட்டரிலிருந்து எடுத்து, பலகைக்கு விளிம்பு ஒட்டும் மிஷினில் போட்டார். ரவுட்டருக்கு ஆள் வேண்டாம், போகிற வருகிறவர்கள் பலகையை மாற்றிவிட்டால் போதும் என்றார்.

ஆள் வேண்டாம் என்றதும், நாங்கள் ஆஜர் எடுக்கும்போது அந்த மிஷினின் பெயரும் போய்விட்டது. ஆள் இல்லாத மிஷினைக் கூப்பிட்டால் யார் பதில் சொல்வது? யாருக்கும் அது தப்பாகப் படவில்லை.

அந்தப் பெரிய மழை நாளுக்கு வருகிறேன். சாப்பாட்டு நேரம் முடிந்து கொஞ்ச நேரத்தில் வானம் இருட்டியது. இடி ஒன்று விழுந்தது, கரண்ட் போனது. நான் மெயினை இறக்கினேன். சரக்கு ஏற்றக் கண்டேனர் லாரி வாசலில் வந்து நின்றிருந்தது. அதில் ஏற வேண்டிய அலமாரிக் கதவுகளில் பாதி இன்னும் செதுக்கி முடியவில்லை. தவுக்கே கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தார். மழை ஓய்ந்து, தகரக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக வடிய ஆரம்பித்த பிறகுதான் சுவிட்ச் பலகையில் விளக்கு எரிந்தது.

"வந்துடுச்சு, வந்துடுச்சு! போடு மேரி!" என்று தவுக்கே என் பக்கத்தில் வந்து நின்றார்.

நான் கூப்பிட ஆரம்பித்தேன்.

"ரம்பம்?"

"கோசோங்!" இது ரம்பம் ஓட்டும் காக் சல்மா, மலாயில் காக் என்றால் அக்கா.

"துளை மிஷின்?"

"கோசோங்!"

"விளிம்பு?"

"கோசோங் அக்கா!" லோகனின் குரல்.

மற்றவர்களும் சொல்லி முடித்தார்கள். என் கை கைப்பிடியில் இருந்தது. தூக்க வேண்டியதுதான். தூக்கவில்லை.

ஏன் என்று அந்த நொடியில் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. ஏதோ ஒன்று குறைந்தது. வீட்டில் எந்நேரமும் ஒழுகிக்கொண்டிருக்கும் குழாய் திடீரென்று நின்றால் திரும்பிப் பார்ப்போமே, அப்படி.

"என்னா பாக்குற? எல்லாம் சொல்லிட்டான் லா! லாரிக்காரன் போயிடுவான்!" என்றார் தவுக்கே.

"கொஞ்சம் இருங்க."

"என்னா இருக்குறது? யாரு சொல்லல? நீயே சொல்லு, யாரு சொல்லல?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. எல்லோரும் சொல்லிவிட்டார்கள். விதிப்படி எல்லாம் சரி. இளையவர்களே, நெருக்கடி என்றால் புகையும் நெருப்புமாக வரும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் இப்படித்தான் வரும். காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கும், பக்கத்தில் ஒருவர் அவசரப்படுத்துவார், உங்களிடம் காட்டுவதற்குக் காரணம் என்று ஒன்றும் இருக்காது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனால் எதற்குப் பயப்படுகிறேன் என்றே தெரியவில்லை. முட்டாளாகிவிடுவோமோ என்ற பயமும் அதில் கொஞ்சம் இருந்தது.

கூடம் அமைதியாக இருந்தது. கூரை சொட்டியது. அப்போதுதான் பிடிபட்டது. லோகன் தட்டவில்லை.

கை காலியாக இருந்தால் அவன் தட்டுவான். நான் திட்டியும் நிற்காத கை அது. கோசோங் என்று வாய் சொல்கிறது, கை சும்மா இருக்கிறது என்றால், அந்தக் கை வேறு எதையோ பிடித்திருக்கிறது.

"லோகன்! எங்கடா நிக்குற?"

"இங்கதான் அக்கா, பழைய மிஷின்ல!" ரவுட்டர் பக்கமிருந்து பதில் வந்தது. "மாத்தா மொட்டையாயிடுச்சு, கதவெல்லாம் கருகுது. கரண்ட் இல்லாதப்பவே கழட்டி வேற போட்டுடலாம்னு. நீங்க போடுங்க அக்கா, இது ஆஃப்லதான் இருக்கு!"

வெட்டும் முனையை நாங்கள் மாத்தா என்போம். அதைக் கழற்ற வேண்டுமென்றால் ரவுட்டரின் கழுத்தில் இரண்டு ஸ்பானர் மாட்டி, இரண்டு கையாலும் இறுக்கித் திருக வேண்டும். அவன் விரல்கள் அங்கேதான் இருந்தன. அவன் பொய் சொல்லவில்லை. நான் கேட்டது விளிம்பு மிஷினை. விளிம்பு மிஷின் காலியாகத்தான் இருந்தது. தவுக்கேயின் நேரத்தை வீணாக்கக் கூடாது, கரண்ட் இல்லாத நேரத்தைப் பயன்படுத்திக்கொள்வோம் என்று நினைத்த நல்ல வேலைக்காரன் அவன். சோம்பேறியாக இருந்திருந்தால் அவனுக்கு ஓர் ஆபத்தும் வந்திருக்காது.

எனக்கு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து இழுக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. போகவில்லை. நான் நகர்ந்தால், பக்கத்தில் அவசரத்தில் துடித்துக்கொண்டிருக்கிற மனிதர் கைப்பிடியைத் தூக்கிவிட மாட்டார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? கைப்பிடி என் பொறுப்பு. நான் அதை விட்டு ஓடக் கூடாது. ஆபத்தில் இருப்பவன்தான் என்னிடம் வர வேண்டும்.

"கைய எடுத்துட்டு இங்க வா."

"இன்னும் ஒரு திருகுதான் அக்கா."

"இப்ப வா! என் பக்கத்துல வந்து நில்லு!"

என் குரலில் என்ன இருந்ததோ, முனகிக்கொண்டே வந்தான். ஒரு ஸ்பானர் கையில் இருந்தது. "கம்ப்யூட்டரே செத்துக் கெடக்கு அக்கா, அது எப்படி ஓடும்?" என்று கேட்டான்.

"ஓடாதுதான். நீ இங்கயே நில்லு," என்றேன். உண்மையில் எனக்கும் தெரியாது. தெரியாததால்தான் அவனை அங்கே நிற்க விடவில்லை.

எல்லோரையும் இன்னொரு முறை கூப்பிட்டேன். தவுக்கே பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். பிறகு கைப்பிடியைத் தூக்கினேன்.

விளக்கு எரிந்தது. காற்றாடி சுற்றியது. ரவுட்டர் பக்கத்துக் கம்ப்யூட்டர் கண் விழிக்க ஆரம்பித்தது. அது இன்னும் முழுதாக விழிக்கவில்லை, திரை கறுப்பாகத்தான் இருந்தது. அதற்குள் ரவுட்டர் தானாக அலறியது. லோகன் அதன் கழுத்திலேயே விட்டு வந்த இன்னொரு ஸ்பானர் பறந்து போய், அடுக்கி வைத்திருந்த கதவுகளில் ஒன்றைக் கிழித்துக்கொண்டு செருகி நின்றது. கம்ப்யூட்டர் முழுதாக எழுந்ததும், ரவுட்டர் எதுவுமே நடக்காதது போல நின்றுவிட்டது.

"அலமாக்!" என்று காக் சல்மா மலாயில் ஐயோ போட்டார்.

லோகன் தன் இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டு நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் மெயினை மறுபடி இறக்கிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் பிள்ளைகள் இருவரும் என் கண் முன்னால் வந்து நின்றார்கள். அன்று நான் அவனைத் திட்டவில்லை.

தவுக்கே கெட்டவர் இல்லை. லோகனுக்குச் சூடாகத் தண்ணீர் வாங்கி வரச் சொன்னார். ஆனால் லாரியும் வாசலில் நிற்கிறதே.

"ஒரு நோட்டீஸ் ஒட்டு மேரி. கைய வைக்காதே அப்படின்னு. இன்னிக்கு ஓடட்டும். நாளைக்கு டேவிட் பாக்கட்டும்."

"நோட்டீஸ் கண்ணுக்குத்தான் தவுக்கே. விரல் படிக்காது."

"நான் வேற ஆளக் கூப்பிட்டு ஓட்டுவேன்!"

"கூப்பிடுங்க. அவர் வந்து சார்ஜ்மேன்னு என் பேருக்குப் பதிலா அவர் பேரப் போட்டுக்கட்டும். அதுவரைக்கும் இதப் பூட்டி வைக்கிறேன்."

அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, அதன் மேல் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவர் கோபத்தில் தன் அறைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து தே ஓ ஐஸ் என்கிற பாலில்லாத ஐஸ் டீ ஒரு பாக்கெட் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, வாசலுக்குப் போய் லாரிக்காரனைச் சமாதானப்படுத்தினார். நான் ரவுட்டரை அந்தப் பெட்டியிலிருந்து கழற்றி, அதன் டேப்பைப் பிய்த்தேன். பழையபடி பக்கத்தில் ஆள் நின்று கையால் சுவிட்சைப் போட்டு, மீதிக் கதவுகளைச் செதுக்கினோம். கண்டேனர் தாமதமாகப் போனது, ஆனால் போனது.

மறுநாள் டேவிட் வந்தார். பார்த்ததும் புரிந்துகொண்டார். கம்ப்யூட்டர் விழிக்கும் அந்தக் கொஞ்ச நேரம், அதற்கே தான் என்ன சொல்கிறோம் என்று தெரியாது. அந்த உளறலைப் பெட்டி "ஓடு" என்று எடுத்துக்கொண்டது. தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

"எத்தன தடவ டெஸ்ட் பண்ணேன் அக்கா. ஒரு தடவகூட இப்படி ஆகலயே."

"கரண்ட் இருக்கும்போது டெஸ்ட் பண்ணீங்க தம்பி. போய்ட்டு வரும்போது பண்ணீங்களா?"

இல்லை என்று தலையாட்டினார். அவரை நான் குறை சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். செய்த வேலை ஓடுகிறதா என்று பார்ப்பது மனித இயல்பு. ஓடக் கூடாத நேரத்தில் ஓடாமல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் நம்மைப் போன்றவர்களுக்குச் சம்பளம்.

நாங்கள் இருவரும் சேர்ந்து சரிசெய்தோம். கரண்ட் போனால் தானாக விழுந்துவிடுகிற ஒரு சுவிட்சைப் பெட்டிக்கு முன்னால் வைத்தோம். கரண்ட் திரும்பினாலும் அது எழாது. ஒரு மனிதர் போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் எழும். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் தன் விருப்பம் போல ஓட்டட்டும், நிறுத்தட்டும். மாத்தா மாற்ற வேண்டுமா, முதலில் ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கு, கண் முன்னால் வைத்துக்கொள், பிறகு கை வை.

"அப்புறம் என்னா ஆட்டோமேட்டிக்?" என்று தவுக்கே கேட்டார்.

"நிக்கிறது ஆட்டோமேட்டிக் தவுக்கே. மறுபடி ஆரம்பிக்கிறது மட்டும் மனுஷன்," என்றேன். தலையைச் சொறிந்துகொண்டே சரி என்றார்.

போன் செய்த தம்பிக்கு வேண்டிய பதில் இதோடு முடிந்தது. ஆனால் என் மனதில் உறுத்தியது பெட்டி அல்ல, எங்கள் கோசோங். அத்தனை காலம் நம்பிய வழக்கம் அது. ஒரு மிஷினுக்கு ஓர் ஆள் என்று இருந்த காலத்தில் அது சரியாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டர் வந்து ஆளை எடுத்துவிட்ட பிறகு, யார் கை எங்கே இருக்கிறது என்பதை மிஷினின் பெயர் சொல்லவில்லை. வாயும் சொல்லவில்லை. வாய் ஓரிடத்தில் இருந்துகொண்டு வேறு இடத்தைப் பற்றிப் பேசும். அதன் குணமே அது.

அந்த வாரமே லோகனைக் கூப்பிட்டேன். விரலில் ஏதோ கீறல் என்று பிளாஸ்டர் போட்டிருந்தான். அன்றிலிருந்து அவன் எதையும் தட்டவில்லை என்று எனக்குத் தெரியும். கூடம் ஏதோ சாவு வீடு போல இருந்தது.

"டேய், இனிமே கரண்ட் போய் வந்தா யாரும் கோசோங் சொல்லக் கூடாது. என்ன பண்ணணும்னு நீ எல்லாருக்கும் சொல்லிக் குடு," என்றேன்.

"நானா? என்ன அக்கா சொல்லிக் குடுக்கறது?"

"நான் இத்தன வருஷமா வேணாம்னு திட்டுனத."

அடுத்த மழைக்குக் கரண்ட் போய்த் திரும்பி வந்தது. விளக்கு எரிந்தது. நான் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு, மிஷின்களின் பெயரைக் கூப்பிடாமல் ஆட்களின் பெயரைக் கூப்பிட்டேன். காக் சல்மா எதிரிலிருந்த பலகையை இரண்டு கையாலும் தட்டினார். அடுத்தவர் தட்டினார், அதற்கடுத்தவர் தட்டினார். இரண்டு கையும் பலகையில் இருந்தால் ஒரு கைகூட மிஷினுக்குள் இருக்க முடியாது. கடைசியாக லோகன் என்று கூப்பிட்டேன். அவன் இரண்டு தட்டோடு நிறுத்தவில்லை. லாரிக்காரன் வாசலில் காத்துக்கொண்டிருந்தான், தவுக்கே என் பக்கத்தில்தான் நின்றார். லோகன் வாசித்து முடிக்கும் வரை நான் கைப்பிடியைத் தூக்கவில்லை.